முட்டை அட்டையில் எட்டுக் காதுகள்

ஜூன் 9

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்க வேண்டும். உன் அண்ணனுக்குப் பல்வலி, எனக்கு முழங்கால் வலி, பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புக்கு ஆசிரியர் இல்லை. மற்றபடி நலம்.

ஃபோன் பண்ணாமல் இதென்ன கடிதம் என்று கேட்பாய். நான் கூப்பிடும்போது உனக்கு மீட்டிங். நீ கூப்பிடும்போது எனக்கு பெல் அடித்துவிடும். இரண்டும் தப்பினால் உன் அண்ணன் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு தன் பல்லைப் பற்றிப் பேசுவார். உன் ஆபீஸ் மெயிலுக்கு எழுதலாமென்றால் அதை நாலு பேர் படிக்கிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். காகிதம்தான் தோது. பாதியில் கட் ஆகாது.

பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிறது. நேற்று உங்கள் அறக்கட்டளையிலிருந்து பெட்டி வந்தது. உள்ளே காதுக் கருவிக்கான பேட்டரிகள், மேலே ஒரு கடிதம். “மூன்றாண்டுத் திட்டம் நிறைவு பெறுவதால் இதுவே கடைசித் தவணை. இனி பள்ளியே இதைத் தன் முயற்சியில் தொடர்ந்து நடத்தும் என்று நம்புகிறோம்.” கீழே உன் கையெழுத்து. எதை வைத்துக்கொண்டு நம்புகிறாய், குட்டி?

கோபமில்லை. அலுப்புதான். பள்ளியில் என் தலைமை ஆசிரியர் அறையில் இருக்கும் இரும்பு பீரோவை நீ பார்த்ததில்லை. கதவு முழுக்க ஸ்டிக்கர். கை கழுவும் திட்டம், பல் துலக்கும் திட்டம், பொம்மலாட்டத்தில் கணக்கு. ஒவ்வொன்றாக வந்தார்கள், படம் எடுத்தார்கள், ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார்கள். உள்ளே சார்ஜர் இல்லாத டேப்லெட்டுகள், தலை கழன்ற கைப்பாவைகள், ஒரு எடை மெஷின். அது யார் ஏறினாலும் ஒரே எடையைக் காட்டும். உன் அண்ணனுக்கு அதன் மேல் தனிப் பிரியம். அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதில்லை. பல் துலக்கும் திட்டம் போனால் பிள்ளைகள் பழையபடி பல் துலக்கிக்கொள்வார்கள். இது அப்படியில்லை. பேட்டரி தீர்ந்த அன்று இந்த எட்டுப் பிள்ளைகளுக்கும் காது திரும்ப அடைத்துக்கொள்ளும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நீதானே எங்களைப் பட்டியலில் சேர்த்தாய். “அண்ணி, உங்க ஸ்கூல்ல காது சரியா கேக்காத பிள்ளைங்க இருக்காங்களா?” என்று நீ கேட்டாய். “எல்லாருமே அப்படித்தான், நான் சொன்னா யாரு கேக்குறா?” என்று சிரித்தேன். பரிசோதனை முடிந்த அன்று சிரிப்பு வரவில்லை. மந்தம் என்று நாங்கள் கடைசி வரிசையில் உட்காரவைத்திருந்த பிள்ளைகள்தான் அத்தனை பேரும்.

இன்னொன்று. காதுக்குள் பொருந்தும் அச்சுக்கு அளவெடுக்க வருபவரும் இனி வரமாட்டாராம். பிள்ளைகளுக்குக் காது வளர்கிறது. பழைய அச்சு தொளதொளத்துப்போனால் கருவி விசில் அடிக்கிறது. போன வாரம் இரண்டாம் வகுப்பு டீச்சர் விசில் அடித்தது யாரென்று ஒரு மணி நேரம் வகுப்பையே எழுப்பி நிற்கவைத்திருந்தார். அடித்தது காது.

இந்த ஒரு பெட்டி முழுப் பரீட்சை வரை இழுத்தால் பெரிது. அதற்கப்புறம் என்ன செய்வது? யோசித்து எழுது.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. என் பெயருக்குக் கையால் எழுதிய உறை வந்ததைப் பார்த்து எங்கள் வரவேற்பறைப் பெண் யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துவிட்டாள்.

அந்தக் கையெழுத்து ரப்பர் ஸ்டாம்ப். நாற்பது பள்ளிகளுக்கும் அதே கடிதம்தான் போனது. வரிகள் எங்கள் இயக்குநருடையவை. ஆனால் ‘நம்புகிறோம்’ நான் போட்டது. முதலில் ‘எதிர்பார்க்கிறோம்’ என்று இருந்தது. கொஞ்சம் மென்மையாக இருக்கட்டுமே என்று மாற்றினேன். நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு பழைய வார்த்தையே தேவலை என்று தோன்றுகிறது.

அண்ணி, இங்கே ஒரு திட்டம் பிறக்கும்போது எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. மாலை, பேச்சு, போட்டோ. முடியும்போது மட்டும் ஃபைல் என் மேசைக்கு வந்துவிடும். இந்த வருடம் நான் மூடிவைக்கும் மூன்றாவது திட்டம் இது. ‘பள்ளிகள் தாமாகவே தொடரும்’ என்று எழுதி எழுதி எனக்கே அந்த வாக்கியம் மனப்பாடம். தொடர்ந்ததா என்று போய்ப் பார்க்க யாரும் அனுப்புவதில்லை.

இந்த முறை மட்டும் ஒரு சின்ன வழி இருக்கிறது. அக்டோபரில் அறங்காவலர் குழு கூடுகிறது. பேட்டரிக்கும் அச்சுக்கும் மட்டும் ஒரு பராமரிப்பு நிதி வைக்கலாம், நாற்பது பள்ளிகளுக்கும் சேர்த்து, என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: கொடுத்ததைப் பத்திரமாக வைத்திருக்கிறார்களா? பல பள்ளிகளில் பாதிக்குமேல் தொலைந்துவிட்டன, அல்லது உடைந்து மேசை டிராயரில் கிடக்கின்றன. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் உங்கள் பள்ளியில் இரண்டு வருடமாக ஒன்றுகூடத் தொலையவில்லை! எட்டும் வேலை செய்கின்றன. எப்படி அண்ணி? விவரமாக எழுதுங்கள். அதை வைத்துத்தான் நான் பேசப்போகிறேன். இது கைகூடினால் எனக்கும் இந்த நாற்காலி இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

நான் சாப்பிடுகிறேனா என்று கேட்க மறந்துவிட்டீர்கள். சாப்பிடுகிறேன், நின்றுகொண்டே. அண்ணனைப் பல்லைப் பிடுங்கச் சொல்லுங்கள், ஃபோனை வேண்டாம்.

உங்கள்,
குட்டி


ஜூலை 7

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் படித்துக் காட்டினேன், நாற்காலி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு. “நம்ம ஸ்கூல் ஒண்ணுலயாவது முதல்ல வந்துச்சே” என்றார் இரண்டாம் வகுப்பு டீச்சர். பிறகு எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அலுப்பு ஒரு பீரியட் அளவுக்கு விலகியிருந்தது.

ரகசியம் ஒன்றுமில்லை. முட்டை அட்டை.

முதல் வருடம் கருவிகளைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று போயின, நீதான் வேறு அனுப்பினாய். ஒன்று கிணற்றில். ஒன்றை நாய் கடித்துவிட்டது. ஒன்று பஸ்ஸில். நாலாவதும் போயிருக்க வேண்டியது. ஒரு பையன் மூன்று நாள் வெறும் காதோடு வந்தான். எங்கேடா என்றால், “தாத்தா ரேடியோ கேக்குறாரு டீச்சர்.” போய் அந்தப் பெரியவர் காதிலிருந்து கழற்றி வாங்கிவந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அப்போது உன்னிடம் புலம்பினேன், ஞாபகம் இருக்கிறதா? “ஸ்கூல்லயே பூட்டி வெச்சிருங்க அண்ணி” என்றாய். அன்றிலிருந்து இப்படித்தான். முட்டை அட்டையில் எட்டுக் குழி மட்டும் விட்டுக் கத்தரித்தோம். ஒவ்வொரு குழிக்கும் ஒரு பிள்ளையின் பெயர். கீழே ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள். உன் அண்ணன் கடைக்கு வரும் செல்ஃபோன் பெட்டிகளில் அவை கிடைக்கும். அவர் ரிப்பேருக்கு வாங்கும் செல்ஃபோன்களைவிட அந்தப் பொட்டலங்கள்தான் ஒழுங்காக வீடு வந்து சேர்கின்றன.

காலை பெல் அடித்ததும் எட்டுப் பேரும் என் அறை வாசலில் வரிசையாக நிற்பார்கள். மாட்டிவிட்டு அனுப்புவேன். நாலு மணி பெல்லுக்குத் திரும்ப வரிசை. ஒவ்வொருவராகக் கழற்றி, துடைத்து, பேட்டரிக் கதவைத் திறந்து, குழியில் வைப்பார்கள். அட்டை பீரோவுக்குள் போகும். சாவி என் இடுப்பில். சனி, ஞாயிறு, லீவு, எல்லாம் உள்ளேதான். பேட்டரியும் கூடுதலாக நாள் வருகிறது.

பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பழகிவிட்டது. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண், பூட்டத் தொடங்கிய பிறகு சேர்ந்தவள். குருவி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், குரல் அப்படி. நாலு மணிக்கு அவள்தான் முதலில் வருவாள். கழற்றிவைத்துவிட்டு அந்தக் குழியைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவாள், தூங்கவைக்கிற மாதிரி.

சாப்பிடுகிறாயா? உட்கார்ந்து சாப்பிடு.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 28

அன்புள்ள அண்ணிக்கு,

அவசரமாக நாலு வரி. உங்கள் முட்டை அட்டை இங்கே பெரிய ஆள் ஆகிவிட்டது! இயக்குநர் அதற்கு ‘எக் ட்ரே மாடல்’ என்று பெயரே வைத்துவிட்டார். வாரக் கூட்டத்தில் திரையில் காட்டினார்கள். குழி, பெயர்ச்சீட்டு, பூட்டு, சாவி என்று அம்புக்குறி போட்டுப் படம். செலவில்லாத, யாரையும் நம்பியிராத முறையாம். நான் என் சுயபுராணத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்: கண்டுபிடித்தவர் என் அண்ணி.

நேற்று அந்தப் படத்தோடு நாற்பது பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை போய்விட்டது. கருவிகளை இனி இப்படியே பள்ளியில் வைக்க வேண்டும். செப்டம்பர் நடுவில் குழுவிலிருந்து இரண்டு பேர் உங்கள் பள்ளியைப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் நல்லபடியாக எழுதினால் நிதி உறுதி மாதிரிதான்.

எத்தனையோ நாளைக்கப்புறம் நேற்று ஆபீஸிலிருந்து நடந்தே வீட்டுக்குப் போனேன், அண்ணி.

உங்கள்,
குட்டி


ஆகஸ்ட் 16

அன்புள்ள குட்டிக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

போன சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். சட்டை ஃபேக்டரியில் வேலை செய்யும் அம்மாக்கள் வரட்டும் என்று லீவு நாளில் வைத்தோம். ஆட்கள் வருகிறார்களே என்று பிள்ளைகளுக்குக் கருவியை மாட்டிவிட்டிருந்தேன்.

குருவியின் அம்மா வந்திருந்தாள். நான் அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஃபேக்டரி வண்டி விடிவதற்குள் வந்துவிடும். குருவி பள்ளியில் சேர்ந்தபோதும், கருவி மாட்டிய அன்றும், அப்பாதான் கூட வந்தார். குருவி என் மேசைப் பக்கம் நின்று சாக்பீஸ் அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா அவளுக்குப் பின்னால் வந்து நின்று, “எப்படி படிக்கிறா டீச்சர்?” என்றாள்.

குருவி திரும்பினாள். அம்மாவின் வாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“டீச்சர், இது அம்மாவா பேசுறது?”

அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. “ஆமா, பின்ன பக்கத்து வீட்டு அம்மாவா?” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடமாக இந்தப் பிள்ளை என் குரலைக் கேட்கிறாள், பெல்லைக் கேட்கிறாள், வாட்ச்மேனின் இருமலைக்கூட யாருடையது என்று சொல்வாள். பெற்றவள் குரலை அன்றுதான் கேட்கிறாள். ஏனென்றால் அந்த அம்மா வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் இவள் காது என் பீரோவில் இருக்கிறது.

“இத வீட்டுக்குத் தரமாட்டாங்கன்னு அவங்க அப்பா சொன்னாரு. கவர்மென்ட் சாமான்னு நெனச்சேன் டீச்சர்” என்றாள். குறை சொல்லும் குரல் இல்லை. அதுதான் தாங்கவில்லை. குறை சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

அன்று குருவியை அப்படியே அனுப்பிவைத்தேன். இரண்டாம் வகுப்பு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இரக்கப்பட்டுக் குடுத்துட்டீங்க. தொலைஞ்சா யாரு வாங்கித் தருவா? பேட்டரி தீர்ந்தா யாரு தருவா? அப்புறம் வகுப்புலயும் கேக்காது.” அவர் சொன்னதில் தப்பில்லை. நான் இரண்டு வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டதும் அதுதான்.

திங்கட்கிழமை நான் கேட்டைத் திறக்கும்போதே அந்த அம்மா நின்றிருந்தாள். ஃபேக்டரி வண்டியை விட்டுவிட்டாளாம். பேசினால் காற்றுதான் வந்தது. என்னம்மா உடம்புக்கு என்றேன்.

“தொண்டை கட்டிருச்சு டீச்சர். ரெண்டு நாளா என்னைப் பேசிக்கிட்டே இருக்கச் சொன்னா. நிறுத்தினா வாயைப் பிடிச்சு ஆட்டுறா.”

“என்ன பேசினீங்க?”

“எனக்கென்ன பேசத் தெரியும்? பாத்திரம் பேரெல்லாம் சொன்னேன். என்னோட சண்டை போட்டவங்க பேரெல்லாம் சொன்னேன். அப்புறம் ஒண்ணும் தோணல, நூறு வரைக்கும் எண்ணினேன். முடிஞ்சதும் மறுபடியும் எண்ணுங்கிறா.”

பேட்டரி தீர்ந்திருந்தது. மாற்றிக் கொடுத்தேன்.

அன்று மாலையிலிருந்து, வேண்டும் என்கிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டேன். எல்லாம் இனிப்பாக இல்லை. ஒரு பையனின் அப்பா நேரே வந்து, “வீட்டுலயும் மாட்டிக்கிட்டுத் திரியுறான், தெருவே பாக்குது, நீங்களே வெச்சுக்குங்க” என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒன்று நனைந்து வந்தது. அதை உன் அண்ணன் கடையில் பிரித்து உலர்த்தினார். ஐந்து பேர் கொண்டுபோகிறார்கள், மூன்று பேர் இல்லை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இப்போது உன்னிடம் கேட்பது. என் முட்டை அட்டையை நாற்பது பள்ளிகளுக்கு அனுப்பியிருக்கிறாய். அங்கேயும் குருவிகள் இருப்பார்கள். பூட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்து, இப்போது கேட்காமல் போனவர்கள்கூட இருப்பார்கள். அதை நிறுத்திவிடு, குட்டி. நான் கேட்டதாகவே எழுதிக்கொள்.

அன்புடன்,
அண்ணி


ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் கல் இல்லை. அந்தப் பெண்ணின் கேள்வி என் காதிலும் கேட்கிறது.

ஆனால் இப்போது நிறுத்த முடியாது. கோபப்படாமல் மீதியைப் படியுங்கள். பராமரிப்பு நிதிக்காக நான் வைத்திருக்கும் ஒரே ஆதாரம் உங்கள் பள்ளி. ‘வீட்டுக்குக் கொடுத்தால் தொலையும், தொலைத்தால் நாம் ஏன் தர வேண்டும்?’ என்று கேட்பவர்களுக்கு முன்னால் நான் உங்கள் அட்டையைத்தான் காட்டியிருக்கிறேன். அது போனால் நிதி போகும். நிதி போனால் அடுத்த வருடம் நாற்பது பள்ளிகளிலும் பேட்டரி இல்லை. அப்போது குருவிக்கு அம்மா குரலும் கிடையாது, உங்கள் குரலும் கிடையாது.

அக்டோபர் கூட்டம் முடியட்டும். நிதி கையில் வந்த மறுநாள் நானே சுற்றறிக்கையை மாற்றுகிறேன். அதுவரை ஒரு உதவி. அவர்கள் வரும் அன்று ஒரு நாள் மட்டும் அட்டையில் எட்டுக் குழியும் நிறைந்திருக்கட்டும். கேட்டால், எப்போதும் இப்படித்தான் என்று சொல்லுங்கள். போன மாதம் வரை அது உண்மைதானே?

உங்களுக்குப் பொய் வராது என்று சொல்லாதீர்கள். நீங்கள் நம் வீட்டுக்கு வந்த வருடம் என் அரையாண்டு மார்க்கை அப்பாவிடம் மறைத்தது யார்? ‘இன்னும் பேப்பர் திருத்தலயாம் மாமா’ என்று கண்ணை இமைக்காமல் சொன்னது யார்? அன்றைக்குத்தான் நீங்கள் எனக்கு அண்ணி ஆனீர்கள். கல்யாணத்தன்று இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வருடம் அந்தச் சாவி உங்கள் இடுப்பில்தான் இருந்தது. உங்களுக்கே ஒரு சனிக்கிழமைதான் தெரியவந்தது. எனக்கு மட்டும் ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறீர்கள்.

உங்கள்,
குட்டி


செப்டம்பர் 19

அன்புள்ள குட்டிக்கு,

சாவியைப் பற்றி நீ எழுதியது உண்மை. அதனால் வலித்தது. வலித்ததால் பதில் எழுதவில்லை. வந்தவர்கள் போன பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

நேற்று வந்தார்கள். ஒருவர் கேமராக்காரர், ஒருவர் பேனாக்காரர். பேர் சொன்னார்கள், மனதில் நிற்கவில்லை.

நீ கேட்டபடிதான் செய்தேன். முந்தின நாள் மாலை ஐந்து பேரிடமும் வாங்கிவைக்கப் பார்த்தேன். நாலு பேர் பழையபடி வரிசையில் வந்து கழற்றிக் கொடுத்தார்கள், ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. குருவி மட்டும் அன்று பள்ளிக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவள் அம்மாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், டீச்சர் திரும்பப் பூட்டப் போகிறார் என்று.

ஆக, அட்டையில் ஏழு. கேமராக்காரர் நன்றாகப் படம் எடுத்தார். பேனாக்காரர் காலிக் குழியைத் தொட்டு, “இது?” என்றார். இரண்டாம் வகுப்பு டீச்சர் முந்திக்கொண்டு, “ரிப்பேருக்குப் போயிருக்கு சார்” என்றார். பாவம், எனக்காகத்தான்.

நான் சொன்னேன், “இல்ல சார். வீட்டுல இருக்கு. பிள்ளை காதுல இருக்கு.”

அவர் தாளைப் பார்த்தார். வேலை செய்கிறது, பழுது, தொலைந்தது என்று மூன்று கட்டம் இருந்தது. “பள்ளியில இல்லாதது எல்லாம் இந்தக் கட்டத்துலதான் மேடம் வரும்” என்று தொலைந்ததில் ஒன்று போட்டார். மரியாதையான மனிதர். “கவலைப்படாதீங்க, எட்டுல ஏழு ரொம்ப நல்ல கணக்கு. மத்த ஏழும் எப்பவும் இங்கயேதானே இருக்கும்?” என்றார்.

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், குட்டி. சத்தியமாகத் திறந்தேன். உன் மார்க்கை மறைத்த அந்த வாய்தானே இது. அந்த அம்மா கேட்டில் நின்று காற்றாகப் பேசியது ஞாபகம் வந்தது. “இல்ல சார். முந்தாநாள் வரைக்கும் இதுல நாலு அவங்கவங்க வீட்டுல இருந்துச்சு. நீங்க வர்றீங்கன்னு வாங்கி வெச்சேன்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் பேனாவை மூடினார். கேமராக்காரர் எடுத்த படத்தையே திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப இந்த மாடல்?” என்றார் பேனாக்காரர். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் பதில் தோன்றியது. முட்டைக்கு அது நல்ல மாடல் என்று சொல்லியிருக்கலாம்.

உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். உன் நாற்காலியும் மற்ற முப்பத்தொன்பது பள்ளிகளும் எனக்கு மறந்துபோகவில்லை. சரியாகத்தான் செய்தேன் என்று சொல்லவும் தைரியம் இல்லை. அவர்கள் போன பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு மாட்டிவிட்டேன்.

எழுது. திட்டியாவது எழுது.

அன்புடன்,
அண்ணி


அக்டோபர் 6

அன்புள்ள குட்டிக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உன் அண்ணன் ஃபோன் பண்ணினார், அடித்து அடித்து நின்றது. “மீட்டிங்ல இருப்பா” என்றார். ஞாயிற்றுக்கிழமை.

அவருக்குப் பல்லைப் பிடுங்கியாயிற்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு உன்னிடம் சொல்ல வேண்டுமென்று உட்கார்ந்திருக்கிறார்.

இந்தக் கடிதத்துக்கு வேறு விஷயம் இல்லை.

அண்ணி


அக்டோபர் 27

பெறுநர்: தலைமை ஆசிரியர் அவர்கள், தொடக்கப் பள்ளி

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு,

செவித்திறன் உதவித் திட்டம் தொடர்பாக நாற்பது பள்ளிகளுக்கும் இந்தச் சுற்றறிக்கை அனுப்பப்படுகிறது.

திட்டத்துக்கான பராமரிப்பு நிதிக் கோரிக்கையை அறங்காவலர் குழு ஏற்கவில்லை. மீதமிருந்த பேட்டரிகள் பள்ளிகளுக்குச் சமமாகப் பிரித்து அனுப்பப்பட்டுள்ளன. இனி அனுப்ப இயலாது.

கருவிகளைப் பள்ளியில் பூட்டி வைக்கும்படி ஜூலையில் அனுப்பிய அறிவுறுத்தல் திரும்பப் பெறப்படுகிறது. கருவி குழந்தையுடையது. குழந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம், வீட்டிலும், விடுமுறையிலும், அது குழந்தையின் காதில் இருக்க வேண்டும். தொலைந்துபோகலாம் என்பது கழற்றி வைப்பதற்குக் காரணம் ஆகாது. முந்தைய அறிவுறுத்தலை எழுதியவர் இந்தக் கடிதத்தில் கையெழுத்திடுபவரே. அதற்கான பொறுப்பும் அவருடையது.

இந்த அலுவலரின் பணி இம்மாதத்துடன் முடிவதால், இனிக் கடிதங்களை அலுவலகப் பொது முகவரிக்கு அனுப்பவும்.

இப்படிக்கு,
திட்ட அலுவலர்


நவம்பர் 5

அன்புள்ள குட்டிக்கு,

உன் பழைய வீட்டு முகவரி மாறியிருக்காது என்று நம்பி எழுதுகிறேன். பார், நானும் நம்புகிறேன் என்று எழுதிவிட்டேன்.

சுற்றறிக்கை வந்தது. இந்த முறை ஸ்டாம்ப் இல்லை, பேனாவால் போட்டிருந்தாய். நாற்பது கையெழுத்து. கடைசிப் பத்தியை உன் அண்ணனிடமிருந்து மறைக்கலாம் என்று பார்த்தேன். அவர் அதற்குள் கண்ணாடியைத் தேடி எடுத்துவிட்டார். படித்துவிட்டுக் கடைக்குப் போகாமல் உன் மாடி அறையைக் கூட்டினார். நாலு வருடமாக நான் சொல்லியும் கூட்டாத அறை. கட்டிலுக்கு ஒரு கால் ஆடுகிறது, அட்டை மடித்து வைத்திருக்கிறார். முட்டை அட்டை இல்லை, பயப்படாதே.

அந்த அட்டையில் இரண்டாம் வகுப்பு டீச்சர் சாக்பீஸ் வைத்துக்கொண்டார்.

பள்ளி நிலைமையையும் சொல்லிவிடுகிறேன், நீ கேட்பாய் என்பதால். எட்டில் ஒன்று தொலைந்துவிட்டது, இந்த முறை நிஜமாகவே. அந்தப் பேனாக்காரர் போட்ட கணக்கு இப்போது சரியாகிவிட்டது. தொலைத்த பையன் திரும்பக் கடைசி வரிசை வேண்டாம் என்று என் மேசையை ஒட்டி உட்காருகிறான், நான் கத்திப் பாடம் நடத்துகிறேன். பேட்டரிக்கு உன் அண்ணன் தன் கடைக்குச் சரக்கு போடுபவரைப் பிடித்திருக்கிறார். ஃபேக்டரி அம்மாக்கள் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறார்கள். ஒரு மாதம் வருகிறது, ஒரு மாதம் வருவதில்லை. அச்சுக்கு வழியே இல்லை. விசில் சத்தம் பழகிவிட்டது. இதைத் தொடர்ந்து நடத்துவது என்று சொல்வார்களா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு நடக்கிறது.

குருவிக்கும் விசில்தான். நேற்று என்னிடம் வந்து தன் அம்மா மாதிரி பேசிக் காட்டினாள். இழுத்து இழுத்து, கடைசி வார்த்தையை முழுங்கி. அப்படியே அவள் அம்மா.

எழுதத் தொடங்கும்போது, காகிதம் பாதியில் கட் ஆகாது என்று பெரிதாக எழுதினேன். ஐந்து மாதமாக உன் எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் வந்ததில் அண்ணி என்ற வார்த்தைகூட இல்லை. நான்கு தடவை தேடினேன்.

ஒரு தடவை கூப்பிடு, குட்டி. பெல் அடித்தால் அடிக்கட்டும், உன் அண்ணன் பிடுங்காமல் பார்த்துக்கொள்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டாம். வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ஒன்றும் பேசத் தோன்றாவிட்டால் நூறு வரைக்கும் எண்ணு. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன்,
அண்ணி